தலைப்பில் புள்ளிகளைக் காணோம்: பக்கத்தை வெட்டிய ஒரு பிரிண்டரின் முழுக் கதை

"டேய், பிரிண்டர் தலைப்பை வெட்டுதுடா" என்று அக்கா போன் செய்தபோது, பேப்பரைக் கோணலாக வைத்திருப்பாள், சரியாக வைக்கச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கணக்கு ஆசிரியை. வினாத்தாள், பயிற்சித்தாள் எல்லாம் வீட்டிலுள்ள கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில்தான் எடுப்பாள். பல வருடமாகத் தொந்தரவே கொடுக்காத இயந்திரம். அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "முதல் இடைத்தேர்வு, கணக்கு" என்று இருக்க வேண்டிய தலைப்பு "முதல இடைததேரவு, கணககு" என்று வந்திருந்தது. எழுத்துகள் முழுசாக இருக்கின்றன, புள்ளிகள் மட்டும் இல்லை. பிளேடை வைத்து நேர்கோட்டில் சீவி எடுத்த மாதிரி அவ்வளவு சுத்தமான வெட்டு. பக்கத்தின் அடியில் இருக்க வேண்டிய பக்க எண்ணும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வெள்ளையாக நிறைய இடம் சும்மா கிடக்கிறது.

இன்னொரு புகாரும் கூடவே வந்தது. "அதைவிட அசிங்கம் ஒண்ணு நடந்துச்சு. போன வாரப் பயிற்சித்தாள்ல 5 செ.மீ. கோடு ஒண்ணு குடுத்து, அளந்து பார்த்து நடுப்புள்ளி குறிக்கச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் 2.35-ன்னு எழுதியிருந்தாங்க, நானும் வரிசையா தப்பு போட்டுட்டேன். ஒரு பொண்ணு ஸ்கேலோட வந்து நிக்குது, மிஸ் இந்தக் கோடே 4.7 தான்னு." அந்தப் பெண் சொன்னது சரி. கோடு 4.7 செ.மீ.தான் இருந்தது.

ஆக, ஒரே பிரிண்டர் ஒரு தாளை வெட்டுகிறது, இன்னொரு தாளைச் சுருக்குகிறது. வெட்டுப்பட்டது பள்ளியிலிருந்து வந்த பிடிஎஃப். சுருங்கியது அவளே வேர்டில் செய்தது. இரண்டு தனித்தனிக் கோளாறு என்று நினைத்தேன், அங்கேதான் சறுக்கினேன்.

முதல் ஒரு மணி நேரம், வீண்

எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு "புது டோனர் போட்டதிலேர்ந்து" என்றாள், துளிகூட யோசிக்காமல். அதை நம்பி மாலையில் நேராகப் போய்ப் பிரிண்டரைத் திறந்தேன். மைப்பொடி இருக்கும் டோனர் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி பொருத்தினேன். பேப்பரை உள்ளே இழுக்கும் ரப்பர் ரோலரை லேசாக ஈரம் தொட்ட துணியால் துடைத்தேன். ட்ரேயின் இரண்டு பக்கத் தடுப்புகளையும் பேப்பரைத் தொடும்படி நெருக்கினேன். மறுபடி பிரிண்ட் கொடுத்தால் அதே "கணககு".

கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் டோனரை நான் தொட்டிருக்கவே வேண்டாம். டோனர் தீர்ந்தால் எழுத்து மங்கும், அல்லது மேலிருந்து கீழாக ஒரு பட்டை வெளுத்துப்போகும். பொடி முதலில் ஒட்டும் உருளையான டிரம்மில் கீறல் விழுந்தால் ஒரே கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். எழுத்தின் தலையைக் குறுக்கே, மில்லிமீட்டர் சுத்தமாகச் சீவுவதற்கு டோனருக்குத் தெரியாது. ரோலர் வழுக்கினாலும் அப்படித்தான்: ஒரு தாளில் 2 மி.மீ. தள்ளி வரும், அடுத்ததில் 5 மி.மீ. தள்ளி வரும், ஒரே இடத்தில் நிற்காது. ஒரே பக்கத்தை ஐந்து பிரதி எடுத்து, அடுக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஐந்திலும் வெட்டு ஒரே கோட்டில் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு இயந்திரக் கோளாறு நடந்து நான் பார்த்ததில்லை. எங்கோ ஒரு எண் தவறாக இருந்தால்தான் இப்படி வரும்.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் பிரிண்டர் தானாகவே ஒரு பக்கம் அச்சடிக்கும், பெரும்பாலான பிரிண்டர்களில் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தாலோ மெனுவில் போய்க் கேட்டாலோ வரும். அதன் அமைப்புகள் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும் பக்கம் அது. எடுத்தால் நான்கு ஓரமும் முழுசாக, ஒரு புள்ளிகூடக் குறையாமல் வந்தது. "ட்ரே: ஏ4" என்றும் அதில் தெளிவாகப் போட்டிருந்தது. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை என்று தெரிய ஒரு தாளும் பத்து நொடியும் போதும். நான் ஒரு மணி நேரம் கழித்து, கையெல்லாம் கறுப்பு மையோடு தெரிந்துகொண்டேன்.

கையைக் கழுவிக்கொண்டே "டோனர் மாத்துன அந்த வாரம் வேற என்னக்கா மாத்தின?" என்று கேட்டேன். "வேற ஒண்ணும் இல்லடா... லேப்டாப்தான் புதுசு வாங்கினேன்" என்றாள்.

சரிதான்.

அளவுகோல் தாள்

செட்டிங்ஸைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவதற்கு முன்னால், எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று எண்ணாகத் தெரிந்துகொள்ள நினைத்தேன். இதற்கு ஒரு தாள் செய்துகொண்டேன், மிக எளிமையானது: 210 × 297 மி.மீ. அளவில் ஒரு ஏ4 பக்கம், நான்கு விளிம்பிலிருந்தும் உள்நோக்கி மில்லிமீட்டருக்கு ஒரு சின்னக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் எண். விளிம்பிலிருந்து 1, 2, 3 என்று 25 வரை. நடுவில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. இதைப் பிடிஎஃப் ஆக்கி, "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்தச் சுருக்கலும் இல்லாமல் அச்சடித்தேன்.

இந்தத் தாளில் படிக்க வேண்டியவை இரண்டு. முதலில் தெரியும் கோட்டின் எண் என்ன என்பது ஒன்று. அந்தக் கோடு காகிதத்தின் விளிம்பிலிருந்து உண்மையில் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது, ஸ்கேல் வைத்து அளந்தால், என்பது மற்றது. முதல் எண் எவ்வளவு வெட்டுப்பட்டது என்று சொல்லும். இரண்டாவது எண் படம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் மார்ஜினை மாற்றி மாற்றி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். வெட்டும் நகர்வும் வேறு வேறு நோய்.

மேலே முதலில் தெரிந்த கோடு 13. ஆனால் ஸ்கேலில் அது விளிம்பிலிருந்து 4 மி.மீ.யில் இருந்தது. அதாவது 13-ல் இருக்க வேண்டியது 4-க்கு ஏறிவிட்டது, படம் மொத்தமும் 9 மி.மீ. மேலே போயிருக்கிறது. கீழேயும் முதலில் தெரிந்த கோடு 13. ஆனால் அது காகித விளிம்பிலிருந்து 22 மி.மீ. தள்ளி இருந்தது. அக்கா சொன்ன அந்தக் "கீழ சும்மா கிடக்கிற வெள்ளை இடம்" இதுதான். பக்கவாட்டில் நகர்வு இல்லை, ஆனால் ஒரு விசித்திரம்: இரு பக்கமும் 2 என்ற கோடுகூடத் தெரிந்தது. லேசர் பிரிண்டர்கள் பொதுவாக விளிம்பிலிருந்து 4 மி.மீ. சுமாருக்கு எதையும் அச்சடிக்காது. இங்கே மேலும் கீழும் தேவைக்கு மேல் வெட்டுகிறது, பக்கவாட்டில் தேவைக்கு மேல் தாராளமாக இருக்கிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மேலே 13 போனதில், பிரிண்டரின் வழக்கமான 4-ஐக் கழித்தால் 9. கீழேயும் அதே 9. மொத்தம் 18 மி.மீ. உயரம் எங்கோ தொலைந்திருக்கிறது, ஆனால் அகலம் கூடியிருக்கிறது. ஏ4-ஐவிட 18 மி.மீ. குட்டையாகவும் கொஞ்சம் அகலமாகவும் உலகத்தில் பிரபலமான ஒரு தாள் உண்டு. லெட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்குவது, எட்டரைக்குப் பதினொன்று அங்குலம், மில்லிமீட்டரில் 215.9 × 279.4. ஏ4-இன் 297-இலிருந்து 279.4 போனால் 17.6. அதில் பாதி 8.8. என் ஸ்கேலில் 9 என்று தெரிந்தது இந்த 8.8-தான்.

அந்த நிமிடமே கதை முழுசும் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் பிரிண்டரிடம் "லெட்டர் தாளில் அச்சடி" என்று சொல்கிறது. பிடிஎஃப் பக்கமோ ஏ4. பிடிஎஃப் ரீடர் உயரமான பக்கத்தைக் குட்டையான பக்கத்தின் நடுவில் வைக்கிறது, மேலே 8.8, கீழே 8.8 வெளியே துருத்திக்கொள்கிறது, துருத்தியதை வெட்டிவிடுகிறது. பிரிண்டர் அந்த லெட்டர் படத்தை வாங்கி, ட்ரேயில் இருக்கும் ஏ4 காகிதத்தின் மேல் விளிம்பிலிருந்து ஆரம்பித்து அச்சடிக்கிறது. படம் முடிந்த பிறகும் காகிதம் 17.6 மி.மீ. மிச்சம் இருக்கிறது, வெள்ளையாக. பள்ளிக்காரர்கள் இரண்டு பக்கத்துக்குள் எல்லாக் கேள்வியையும் அடக்க மார்ஜினைக் குறைத்து, தலைப்பை விளிம்பிலிருந்து 12 மி.மீ.யில் ஆரம்பித்திருந்தார்கள். வெட்டு விழுந்தது 13-ல். நடுவில் இருந்த அந்த ஒரு மி.மீ.யில் மெய்யெழுத்துப் புள்ளிகள் இருந்தன.

4.7 செ.மீ.யும் இதே கணக்குதான். வேர்டில் ஏ4-ஐயும் லெட்டரையும் பொருத்திச் சுருக்கும் ஒரு வசதி உண்டு, "ஆப்ஷன்ஸ்" போய் "அட்வான்ஸ்டு" பகுதியில் பிரிண்ட் என்ற தலைப்பின் கீழே, டிக் போட்ட நிலையிலேயே இருக்கும். பிரிண்டர் லெட்டர் என்று சொன்னால் அது வாய் திறக்காமல் பக்கத்தைச் சுருக்கி உள்ளே அடக்கிவிடும். 279.4-ஐ 297-ஆல் வகுத்தால் 0.94. 5 செ.மீ. கோட்டை 0.94-ஆல் பெருக்கினால் 4.7. அந்தப் பெண்ணின் ஸ்கேல் சொன்னது மில்லிமீட்டர் சுத்தமாகச் சரி. ஒரே தவறான எண்ணுக்கு ஒரு மென்பொருள் வெட்டியும், இன்னொன்று சுருக்கியும் பதில் சொல்லியிருக்கின்றன. எனக்கு வெட்டுவதே மேல் என்று தோன்றுகிறது, கண்ணிலாவது படும். சுருக்குவது பல வாரம் யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது.

ஏ4 என்றுதான் இருக்கிறது, ஆனாலும்

காரணம் தெரிந்துவிட்டது, லெட்டரை ஏ4 ஆக்கினால் முடிந்தது என்று பிரிண்டர் செட்டிங்ஸில் "பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்" திறந்தால், அங்கே ஏற்கெனவே ஏ4 என்றுதான் இருக்கிறது. "நான் அப்பவே மாத்திட்டேனே, நெட்ல படிச்சு" என்றாள் அக்கா. வேறு டேப், வேறு மெனு என்று இருபது நிமிடம் அலைந்தேன். எல்லா இடத்திலும் ஏ4. அச்சில் மட்டும் லெட்டர்.

பிரிண்டர் பட்டியலை மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரிப் பெயர், ஒன்றின் பின்னால் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஏதோ நகல் என்று ஒட்டியிருந்தது. புது லேப்டாப்பில் முதலில் கேபிள் செருகியிருக்கிறாள், அது ஒரு பதிவு. பிறகு வைஃபையில் பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்து, ஒரு பொது டிரைவரோடு (பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள்) கம்ப்யூட்டர் இன்னொரு பதிவைப் போட்டுக்கொண்டது. அக்கா ஏ4 ஆக்கியது கேபிள் பதிவில். அச்சு போய்க்கொண்டிருந்தது வைஃபை பதிவு வழியாக. நானும் இருபது நிமிடமாக அவள் மாற்றிய அதே பதிவைத்தான் நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பூட்டு ஒரு கதவில், சாவி போட்டது பக்கத்து வீட்டுக் கதவில்.

சரியான பதிவைத் திறந்தேன், லெட்டர் என்று பளிச்சென்று நின்றது. ஏன் லெட்டர்? லேப்டாப்பை முதல்முறை திறக்கும்போது மொழி கேட்டதற்கு அமெரிக்க ஆங்கிலம் என்று அழுத்திவிட்டு நகர்ந்திருக்கிறாள், எல்லாரும் செய்வதுதான். மொழியையும் பிராந்தியத்தையும் வைத்துத் தாள் அளவை ஊகிக்கும் டிரைவர்களும் மென்பொருள்களும் நிறைய உண்டு.

இன்னொன்றும் உறுத்தியது. ட்ரேயில் ஏ4, வந்த வேலை லெட்டர் என்றால், பல பிரிண்டர்கள் விளக்கை மின்னவிட்டு "லெட்டர் தாளை வை" என்று நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நேர்மையான எரிச்சல். இது ஏன் நிற்கவில்லை? பிரிண்டர் மெனுவில் தேடினால், ஏ4-க்கும் லெட்டருக்கும் பேதம் பார்க்காமல் இருப்பதை வைத்து அச்சடித்துவிடு என்ற பொருளில் ஒரு அமைப்பு ஆன் செய்யப்பட்டிருந்தது. அக்காவுக்கு நினைவு வந்தது. எப்போதோ இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பயிற்சித்தாள் லெட்டர் அளவில் இருந்திருக்கிறது, பிரிண்டர் நின்று நின்று உயிரை வாங்கியிருக்கிறது, யாரோ சொல்லி அதை ஆன் செய்திருக்கிறாள். அன்றைய தொல்லை ஒழிந்தது, இன்றைய எச்சரிக்கையும் சேர்ந்து ஒழிந்தது.

இனி சரிசெய்த விதம், சுருக்கமாக. இரண்டு பதிவையும் நீக்கினேன். தயாரிப்பாளரின் சொந்த டிரைவரை இறக்கி ஒரே ஒரு பதிவாகச் சேர்த்தேன். தாள் அளவை இரண்டு இடத்தில் ஏ4 ஆக்கினேன்: விண்டோஸில் "பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்" என்பது இப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும், "பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்" போய் "அட்வான்ஸ்டு" டேப்பில் இருக்கும் "பிரிண்டிங் டீஃபால்ட்ஸ்" தான் எல்லாருக்கும். அதே பிராப்பர்ட்டீஸில் "டிவைஸ் செட்டிங்ஸ்" டேப்பில் எந்த ட்ரேயில் எந்தத் தாள் என்று ஒரு பட்டியல் இருக்கும், அங்கேயும் ஏ4. டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற டிக்கை எடுத்தேன், அது கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரை டீஃபால்ட் ஆக்கிக்கொண்டே இருக்கும். வேர்டில் அந்தச் சுருக்கும் வசதியை அணைத்தேன், அணைத்தால் தவறு நடந்தால் வெட்டித் தெரியும் என்பதற்காகவே. பிரிண்டரில் பேதம் பார்க்காதே என்ற அமைப்பையும் அணைத்தேன், இனி தகராறு என்றால் நின்று கேட்கட்டும். எல்லா மென்பொருளையும் மூடித் திறந்தேன், ஏனென்றால் சில மென்பொருள்கள் திறக்கும்போது படித்த தாள் அளவையே மூடும்வரை பிடித்துக்கொண்டிருக்கும்.

"ஃபிட்" என்ற பொத்தானை ஒரு தடவை அழுத்தியிருந்தால் இதெல்லாம் தேவையே இல்லையே என்று தோன்றலாம். அக்காவின் சக ஆசிரியை அதைத்தான் சொன்னாராம். அழுத்தினால் புள்ளியெல்லாம் திரும்ப வந்துவிடும், உண்மை. ஆனால் லெட்டரின் அச்சிடக்கூடிய பகுதிக்குள் ஏ4-ஐ நுழைக்க இன்னும் சுருக்க வேண்டியிருக்கும், கோடு 4.6-க்குப் போய்விடும். கடிதம் அடிக்கிறவருக்குக் கவலையில்லை. கணக்கு வாத்தியாருக்கும், லேபிள் தாளில் அச்சடிப்பவருக்கும், தையல் அளவுப்படம் எடுப்பவருக்கும் அது மருந்து இல்லை, நோயை ஒளித்து வைப்பது.

மறுபடி அளவுகோல் தாள். நான்கு பக்கமும் முதல் கோடு 4 அல்லது 5. காகிதத்திலும் அதே 4, 5. நடுக்கோடு 100-க்கு 99.5 வந்தது. உள்ளே டோனரை உருக்கி ஒட்டும் உருளையின் சூட்டில் காகிதத்தின் ஈரம் போய் அது ஒரு துளி சுருங்கும், இவ்வளவு வித்தியாசத்துக்குப் பிரிண்டரைத் திட்டக் கூடாது. தலைப்பு "கணக்கு" என்றே வந்தது.

சரிசெய்த பிறகும் வெட்டிய ஒன்று

அக்காவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை, பழைய பயிற்சித்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் பக்க எண்ணின் கீழ்ப்பாதி இல்லை. "போச்சுடா, மறுபடியும்" என்றாள். அளந்தேன். அந்தக் கோப்பில் ஃபுட்டர் (பக்கத்தின் அடிவரி) விளிம்பிலிருந்து 3 மி.மீ.யில் வைக்கப்பட்டிருந்தது. பிரிண்டர் 4-க்கு வெளியே அச்சடிக்காது. இதற்கு எந்த செட்டிங்ஸும் இல்லை, தேடிப் பயனும் இல்லை. லேசர் பிரிண்டரில் டோனர் பொடி முதலில் டிரம்மில் ஒட்டி, அங்கிருந்து காகிதத்துக்கு மாறி, பிறகு சூட்டில் உருகி ஒட்டுகிறது. காகிதத்தின் விளிம்பு வரை பொடியைக் கொண்டுபோனால், காகிதம் ஒரு மி.மீ. விலகினாலும் பொடி பின்னால் இருக்கும் உருளையில் ஒட்டி, அடுத்த தாளின் முதுகில் கறையாக வரும். அதற்காகத்தான் அந்த ஓரம். இன்க்ஜெட்டில் போட்டோவை விளிம்பு வரை அச்சடிக்கும் வசதி இருக்கிறதே என்றால், அங்கே படத்தைக் காகிதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, வெளியே தெளிக்கும் மையைக் கீழே இருக்கும் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஃபுட்டரை 10 மி.மீ.க்கு ஏற்றினோம், வேலை முடிந்தது.

மதிப்பெண் பட்டியலில் கடைசிக் கட்டம் காணாமல்போவதையும் இதோடு சேர்த்துச் சொன்னாள். அது இந்தக் குடும்பமே இல்லை. எக்செல் அதை வெட்டவில்லை, அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது, அவள் இரண்டாம் பக்கத்தை வெற்றுத்தாள் என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறாள். அகலத்துக்கு ஒரு பக்கம், உயரத்துக்கு எத்தனை வேண்டுமானாலும் என்று வைத்ததும் சரி. போனிலிருந்து அச்சடிப்பதையும் பார்த்தேன்: அங்கே பிரிண்ட் திரையிலேயே தாள் அளவு எழுதியிருக்கிறது, லேப்டாப்பில் செய்த எதுவும் போனுக்குத் தெரியாது, அதுவும் லெட்டரில்தான் இருந்தது.

உங்கள் வெட்டு வேறு மாதிரி இருந்தால்

இந்தக் கதை மேலும் கீழும் சுத்தமாக வெட்டுப்படும் ரகம். மேலே மட்டும் 17, 18 மி.மீ. போய், கீழே ஒன்றும் போகாமல் இருந்தாலும் அதே லெட்டர் கதைதான், மென்பொருள் நடுவில் வைக்காமல் அடியை ஒட்டி வைத்திருக்கிறது. கீழே மட்டும் போனால் மேலே ஒட்டி வைத்திருக்கிறது. எண் 18-க்குப் பக்கத்தில் வந்தாலே தாள் அளவைச் சந்தேகப்படுங்கள்.

பாதிப் பக்கம் வந்து மீதி வெள்ளையாக வந்தால் வேறு பாதை. பழைய லேசர் பிரிண்டர்களில் நினைவகம் போதாமல் இப்படி நடக்கும். ஒரு முழு ஏ4 பக்கத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கறுப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக விரித்தால் கிட்டத்தட்ட 4.3 எம்பி பிடிக்கும். 300 டிபிஐ என்றால் அதில் கால் பங்குதான். தெளிவைக் குறைத்துக் கொடுத்தால் முழுப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் நினைவகம்தான். மேலிருந்து கீழாக ஒரு பட்டை எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் வெளுத்திருந்தால், டோனரை எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். அப்படியும் போகவில்லை என்றால் லேசர் வரும் பாதையில் தூசோ காகிதத் துணுக்கோ மறைத்திருக்கலாம், அதற்கு ஆள் கூப்பிடுவதே நல்லது. இன்க்ஜெட்டில் படம் பக்கவாட்டில் தாறுமாறாக நகர்ந்து வெட்டுப்பட்டால், மைத்தலை ஓடும் வழியில் நீளமாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கும், தலை தான் எங்கே இருக்கிறது என்பதை அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதில் மையோ எண்ணெய்ப்பசையோ ஒட்டினால் கணக்குத் தப்பும். ஈரம் தொட்ட மெல்லிய துணியால் மெதுவாக, இழுக்காமல் துடைக்க வேண்டும்.

அளவுகோல் தாளை அக்கா பிரிண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் மறுபடி போன். எனக்குப் பகீர் என்றது. "ஒண்ணும் இல்ல, ஒரு சந்தேகம். தாள் கட்டு தீர்ந்து புதுசு வெச்சேன். முதல் கோடு ரெண்டு பக்கமும் 4 தான் தெரியுது. ஆனா ஸ்கேல் வெச்சா இடப்பக்கம் 1, வலப்பக்கம் 7. கூட்டினா எட்டுதானே வருது? அப்போ எதுவும் வெட்டல, பேப்பர்தான் ஒதுங்கி நிக்குது, இல்லையா?" ட்ரேயை இழுத்துத் தடுப்பைப் பார்க்கச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கம் ட்ரே இழுபடும் சத்தம் கேட்டது.